டெபாசிட் கட்டறதுக்கு முன்னாடி காடிய தூக்கிப் பாருங்க

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு பதிப்புல பழைய காடிங்க, அதான் காருங்க படத்த போட்டு ஒரு பக்கம் வந்துச்சு, பாத்து ரொம்ப சந்தோசப்பட்டேன், நம்ம தமிழ் பேப்பர்ல இந்த மாதிரி விசயம் வர்றதே அபூர்வம். ஆனா அதுக்கப்புறம் எங்க ஊரு சுங்கை சிப்புட்ல எந்த கோப்பிக் கடையில உக்காந்தாலும் இதே பேச்சாப் போச்சு, ஆல்ஃபா ஸ்பைடர் ஒண்ணு ஈப்போல நிக்குதாம், பியாட் 124 ஒண்ணு பினாங்குல இருக்காம், போன்ல படம் வந்திருக்கு பாருங்கண்ணே, டெபாசிட் போட்டா நமக்குன்னு புடிச்சு வைப்பாங்களாம்னு ஆளாளுக்கு வந்து கேக்கறாங்க. வாய் வலிக்க சொல்லியாச்சு, எல்லாருக்கும் சேத்து ஒரேயடியா எழுதிடலாம்னுதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாத்தான் வரும், தயவு செஞ்சு வெட்டாம போடுங்க.

நான் இங்க தோட்டத்துலயே பொறந்து வளந்தவன். தோட்டத்து வொர்க்‌ஷாப்புல டிராக்டர், லோரி, ஜெனரேட்டர்னு கை வச்சுப் பழகி அப்புறம் டவுன்ல சொந்தமா சின்னதா ஒரு வொர்க்‌ஷாப் போட்டு பொழச்சவன், கார்புரேட்டர் காலத்து போமன், அதான் மெக்கானிக்கு. இத்தாலி காடின்னா எனக்கு உயிரு. 1960கள்லயே ஆல்ஃபா ரோமியோ ஜூலியா ஸ்பிரிண்ட் ஜிடில அலுமினியம் பிளாக்கு, மேல ரெண்டு கேம் ஷாப்டு, அஞ்சு கியரு, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்குன்னு குடுத்தான், அந்தக் காலத்துல நம்ம ரோட்டுல ஓடுன மத்த காடிங்கள்ல பெரும்பாலும் நாலு கியரும் டிரம் பிரேக்கும்தான். அந்த இன்ஜின கழட்டி மாட்டுன கைக்குத்தான் அதோட அருமை தெரியும். அதனால வாங்காதீங்கன்னு நான் சொல்ல வரல. வாங்குங்க, ஆனா பாடியும் பதிவுப் பேப்பரும் மொதல்ல பாருங்க, இன்ஜின அதுக்கப்புறம் பாருங்க, பெயிண்ட கடைசியா பாருங்க. நம்மாளுங்க இத தலைகீழா செய்யறாங்க, செவப்பு பெயிண்ட பாத்து மயங்கி, எக்சாஸ்ட் சத்தத்த கேட்டு கெறங்கி, பணத்த அனுப்பிட்டு அப்புறமா கிராண்ட, அதான் காடியோட பதிவுப் பத்திரத்த விரிச்சு பாக்கறாங்க.

பணம் யாரோட பணம்னும் நெனச்சுப் பாக்கணும். 55 வயசுல எடுக்கற இபிஎஃப் சேமநிதி காசு, இல்லன்னா மகன் சிங்கப்பூர்ல ராத்திரி ஷிப்ட் பாத்து அனுப்புன காசு. லயத்து வீட்டுல இருந்து வெளியாகி டவுன்ல வீடு வாங்கி, பிள்ளைங்கள படிக்க வச்சு, கடைசியா நமக்குன்னு ஒரு ஆசைய வச்சுக்கற மனுசனோட காசு அது. சின்ன வயசுல தொரையோட காடிய கழுவி விட்டவங்க இப்ப தன்னோட பேர்ல ஒரு ஸ்போர்ட்ஸ் காடி நிக்கணும்னு ஆசப்பட்டா அதுல என்ன தப்பு இருக்கு? அந்த ஆசைய வித்துத் தின்னறவங்க மேலதான் எனக்குக் கோவம்.

பாடியில இருந்து வர்றேன், ஏன்னா இன்ஜின் எவ்வளவு கெட்டிருந்தாலும் பிரிச்சு செஞ்சுடலாம், பிஸ்டன் லைனர் செட்டு வெளிநாட்டுல இருந்து வரும், கிராங்க் தேய்ச்சுக்கலாம், ஆனா அழுகிப் போன பாடிய நேராக்கறதுக்கு ஆகற செலவுல இன்னொரு காடியே வாங்கிடலாம். அந்தக் காலத்து இத்தாலி காடிங்களுக்கு துருதான் எமன். இது வெறும் ஊர்ப் பேச்சு கிடையாது, 1980-ல பிரிட்டன்ல லான்சியா பீட்டா காடிங்கள்ல இன்ஜின் உக்காந்திருக்கிற சப்ஃபிரேம மாட்டுற எடமே துருப்பிடிச்சுப் போயி, பத்திரிகைல நாறி, கடைசியில கம்பெனியே காடிங்கள திருப்பி வாங்கிக்க வேண்டியதாப் போச்சு. அப்ப தகரத்துக்கு உள்பக்கம், அதாவது பெட்டி பெட்டியா அடைச்சு வெல்டிங் போட்ட எடத்துக்குள்ள, பெயிண்டோ மெழுகோ சரியாப் போகாது, தண்ணி உள்ள பூந்தா வெளிய வர்ற ஓட்டையும் குப்பையில அடைச்சுக்கும். நம்ம பேராக் மழைய சொல்லவே வேணாம், பக்கத்துல மழைக்குப் பேர் போன தைப்பிங் இருக்கு. அதுலயும் செம்பனைக்குள்ள ஒரு கொட்டாயப் போட்டு மண் தரையில வருசக்கணக்கா நிறுத்தி வச்ச காடின்னா மேல ஒரு பொட்டு மழை படலன்னாலும் கீழ இருந்து ஈரம் ஏறி அடித் தகரத்த தின்னுட்டிருக்கும். பிரிட்டன்ல இருந்து வந்த காடின்னா அங்க குளிர் காலத்துல ரோட்டுல உப்பு கொட்டுவாங்க, அந்தக் கணக்கு வேற.

ஆல்ஃபா ஸ்பைடர எடுத்துக்குங்க, 1966-ல ஜெனிவா கண்காட்சியில வந்து 1993 வரைக்கும் ஓடுன மாடல், வருசத்துக்கு வருசம் முன்னாடி பின்னாடி மாத்துனாங்களே தவிர அடிப்பாடி அதேதான். கூரை இல்லாத காடி, அதனால மொத்த பலமும் கதவுக்குக் கீழ முன் சக்கரத்துல இருந்து பின் சக்கரம் வரைக்கும் ஓடுற அந்தப் பெட்டித் தகரத்துலதான் நிக்குது, சில்லுன்னு சொல்லுவோம். அது ஒரு தகடு கிடையாது, வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு, நடுவுல ஒண்ணுன்னு மூணு அடுக்கு. வெளித் தகட்ட மட்டும் வெட்டி புதுசு ஒட்டி பெயிண்ட் அடிச்சுட்டா பாக்கறதுக்கு பளிச்சுன்னு இருக்கும், நடுத் தகடு பொடிப் பொடியா உதுந்துட்டு இருக்கும். இத கண்டுபிடிக்க பெரிய மெசின் ஒண்ணும் வேணாம். காடியில ஜேக் வைக்கிற எடம் இருக்கே, அங்கயே ஜேக்க வச்சு ஒரு பக்கத்த தூக்குங்க, தூக்கிட்டு அந்தப் பக்கத்து கதவத் தெறந்து மூடுங்க. நல்ல காடின்னா கதவு முன்ன எப்படி மூடுச்சோ அப்படியேதான் மூடும். சில்லு போன காடின்னா பாடி வளைஞ்சு கதவுக்கு பின்னாடி இருக்கற இடுக்கு சுருங்கும், கதவு உரசும், சிலதுல தெறக்கவே முடியாது. ஜேக்க வைக்கவே விக்கிறவன் விடமாட்டேங்கறான்னா அங்கயே கை குடுத்துட்டு வீட்டுக்கு வந்துடுங்க.

எங்க பக்கத்துல ஒருத்தரு, தோட்டத்துல கிராணியா, அதான் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவரு, பேரு வேணாம், பெரிய டவுன்ல ஒரு கடையில செவப்பு ஸ்பைடர் ஒண்ண வாங்கிட்டு வந்தாரு. யாரையும் கூட்டிட்டுப் போகல, கடைக்காரன் ஏர்கோன் ரூம்ல உக்கார வச்சு தண்ணி குடுத்து மரியாதையா பேசியிருக்கான், அதுவே போதும்னு நம்பிட்டாரு. வந்து கொஞ்ச நாள்ல டயர் கடையில ஜேக் வச்சப்ப டிரைவர் பக்கத்து கதவு சிக்கிக்கிச்சு. எங்கிட்ட கொண்டாந்தாங்க. சில்லுல பின் சக்கரத்துக்கு முன்னாடி ஒரு எடத்துல பெயிண்ட் லேசா கொப்புளிச்சிருந்துச்சு, ஸ்க்ரூ டிரைவர் முனைய வச்சு அமுத்துனேன், கைப்பிடி வரைக்கும் உள்ள போயிருச்சு. பெயிண்டுக்குக் கீழ அரை விரல் கனத்துக்கு பள்ளத்த நெரவுற புட்டி, புட்டிக்குக் கீழ பைபர் வலை, அதுக்கும் கீழ மஞ்சளா ஸ்பிரே பண்ற நுரை, நுரைக்குப் பின்னாடி கசக்கி அடைச்ச நியூஸ்பேப்பர். வெளிய இழுத்துப் போட்டா மழைத் தண்ணி ஊறி கருப்பா நாறுது. தகரம்னு சொல்ல அங்க ஒண்ணுமே இல்ல. அந்த மனுசன் ஒண்ணும் பேசல, கீழ கெடந்த பேப்பரையே பாத்துட்டு நின்னாரு. அத சரி பண்ணறதுக்கு பாடி தட்டுற கடையில சொன்ன விலை காடிக்குக் குடுத்த விலையில பாதிக்கு மேல. கடைக்காரனுக்கு போன் பண்ணா, பாத்துட்டுத்தானே வாங்குனீங்கன்னு வச்சுட்டான்.

அதனால ஒரு சின்ன காந்தத்த மெல்லிசு துணியில சுத்தி பாக்கெட்டுல போட்டுக்குங்க, சில்லு, சக்கரத்துக்கு மேல இருக்கற வளைவு, கதவோட கீழ் ஓரம், முன் கண்ணாடிக்குக் கீழ இருக்கற எடம்னு வரிசையா வச்சுட்டு வாங்க. புட்டி கனமா இருக்கற எடத்துல காந்தம் பிடிக்காது, வழுக்கி விழும். அடுத்து கால் மிதியடிய தூக்கிட்டு தரைய பாக்கணும், டிக்கியில ஸ்பேர் டயர எடுத்துட்டு அது உக்காந்த குழிய பாக்கணும், பேட்டரிக்கு அடியிலயும் பாக்கணும், கூச்சப்படாம கீழ படுத்து டார்ச் அடிச்சு முன்னாடி குறுக்கால ஓடுற மெம்பர தட்டிப் பாக்கணும், நல்ல தகரம் கணீர்னு கேக்கும், அழுகுனது பொத்துன்னு கேக்கும். அடியில பூரா புதுசா கருப்பு தார் அடிச்சு வச்சிருந்தா எனக்கு சந்தோசம் வராது, சந்தேகம்தான் வரும். பியாட் 124 ஸ்பைடர்னா பொனட்டத் தெறந்து முன் அப்சோபர் மாட்டியிருக்கற ரெண்டு பக்க தூணையும் நல்லா பாருங்க, அது அழுகறது அந்த காடியோட பிறவி வியாதி, அங்க விரிசலோ ஒட்டுத் தகடோ தெரிஞ்சா விலை பேசவே வேணாம்.

காந்தத்தப் பத்தி இன்னொண்ணு. 1965-ல ஆல்ஃபாவுல ரேசுக்குன்னே ஜூலியா ஜிடிஏன்னு ஒரு காடி செஞ்சாங்க, சுமார் 500தான் செஞ்சது, வெளித் தகடெல்லாம் அலுமினியம். அதுக்கு இன்னிக்கு உலகத்துல பயங்கர விலை, அதனால சாதாரண ஜிடி ஜூனியருக்கு பேட்ஜ் ஒட்டி ஜிடிஏன்னு விக்கிறவங்க உண்டு. கதவுல காந்தம் ஒட்டுச்சுன்னா அது இரும்பு, கதை முடிஞ்சது. அதே நேரம் பெராரி 308 ஜிடிபி, 1975-ல பாரிஸ்ல வந்தது, மொத ரெண்டு வருசம் போல வந்த காடிங்களுக்கு பைபர் பாடி, அதுல காந்தம் ஒட்டலன்னு பயந்துடாதீங்க, அதுக்குத்தான் மவுசு அதிகம். பெராரின்னு சொல்லி டொயோட்டா எம்ஆர்2 மேல பைபர் உடம்ப மாட்டி விக்கிறதும் நடக்குது, பின்னாடி மூடியத் தெறந்து இன்ஜின பாத்தாலே தெரிஞ்சுடும், ஆனா போன்ல படத்த பாத்து வாங்கறவனுக்கு எப்படித் தெரியும்?

இப்ப பேப்பர். கிராண்ட கையில வாங்காம காடிய சுத்தி வந்து பிரயோசனம் இல்ல. அதுல இருக்கற சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், சிசி, வருசம் எல்லாத்தையும் காடியில இருக்கறதோட நீங்களே நேருக்கு நேர் ஒத்துப் பாக்கணும், விக்கிறவன் வாசிக்க நீங்க தலையாட்டக் கூடாது. அந்தக் காலத்து ஆல்ஃபாவுக்கு சேசிஸ் நம்பர் இன்ஜினுக்கு பின்னாடி நிக்கற தகரச் சுவத்துல அடிச்சிருக்கும், ஏஆர்னு ஆரம்பிக்கும். அந்த எடத்துல கிரைண்டர் போட்ட தடமோ, சுத்தி வெல்டிங் ஓட்டுன கோடோ, அந்த ஒரு எடத்துக்கு மட்டும் புது பெயிண்டோ இருந்தா தொடவே வேணாம். இன்ஜின் நம்பர் பிளாக்குல இருக்கும், அதோட முன் பாதி எந்த இன்ஜின்னு சொல்லிடும், ஏஆர்00548ன்னா அது 1750, உண்மையான அளவு 1779 சிசி, ஏஆர்00512ன்னா 2000, அளவு 1962 சிசி. கிராண்டுல ஒண்ணு போட்டு பொனட்டுக்குள்ள வேற ஒண்ணு நின்னா ஜேபிஜேல, அதான் சாலைப் போக்குவரத்து ஆபீஸ்ல பதியாம மாத்துனதுன்னு அர்த்தம், பேர் மாத்தப் போறப்பதான் தலைவலி ஆரம்பிக்கும். நம்ம நாட்டுல ஹாப் கட் இன்ஜின், அதான் ஜப்பான்ல பழைய காடிய பாதியா வெட்டி அனுப்புனதுல வர்ற இன்ஜின், மலிவா கெடச்சதால எத்தனையோ ஆல்ஃபாவுக்கும் பியாட்டுக்கும் ஜப்பான் இன்ஜின ஏத்தி ஓட்டுனாங்க, ஓட்டறதுக்கு அது நல்லாத்தான் இருக்கும், அத நான் குறை சொல்லல, ஆனா ஒரிஜினல் விலைக்கு அத வாங்கக் கூடாது. பேங்க் கடன் பாக்கி நிக்குதான்னும் கிராண்டுலயே பாத்துக்கணும்.

காடி சோதனை பண்ற புஸ்பாகோம்ல பாஸ் ஆயிருச்சுங்கண்ணே அப்புறம் என்னன்னு ஒரு தம்பி கேட்டாரு. பேர் மாத்தறதுக்கு செய்யற சோதனை நம்பரெல்லாம் சரியா இருக்கா, இந்த காடி இந்த காடிதானான்னு பாக்கறதுக்கு. சில்லுக்குள்ள நியூஸ்பேப்பர் இருக்கா, ஹெட் கேஸ்கெட் போயிருச்சான்னு அவங்க கழட்டிப் பாக்க மாட்டாங்க, அது அவங்க வேலையும் இல்ல.

ஸ்டேரிங் விசயம் நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம், இத சொல்றதுக்கு ஆளே கெடையாது. பியாட் 124 ஸ்போர்ட் ஸ்பைடர் 1966-ல டூரின்ல வெளியாகி 1985 வரைக்கும் செஞ்சாங்க, பினின்ஃபரினா வரைஞ்ச உடம்பு, பெரும்பாலும் அமெரிக்காவுக்குத்தான் போச்சு, ஃபேக்டரியில வலது பக்க ஸ்டேரிங் வச்சு அத செஞ்சதே கிடையாது. கூரை வச்ச அதோட கூப்பேவுக்குத்தான் வலது உண்டு. அப்ப நம்ம ரோட்டுல வலது ஸ்டேரிங்கோட ஒரு 124 ஸ்பைடர் நிக்குதுன்னா யாரோ வெட்டி மாத்துனதுதான், யாரு மாத்துனாங்க, ஸ்டேரிங் பாக்ஸ் எந்த காடியோடது, பெடல் மாட்டுன எடத்துல தகரத்துக்கு பலம் குடுத்திருக்கா, ஸ்டேரிங் கம்பிய ஒட்டி நீட்டியிருக்காங்களான்னு ஒவ்வொண்ணா கேக்கணும். ஒழுங்கா மாத்துன காடியும் இருக்கு. ஆனா இது ஃபேக்டரியில இருந்தே இப்படித்தான் வந்துச்சுன்னு ஒருத்தன் சத்தியம் பண்ணான்னா மத்த விசயத்துலயும் அவன் பேச்ச நம்பாதீங்க. ஆல்ஃபா ஸ்பைடருக்கு ஃபேக்டரி வலது ஸ்டேரிங் இருந்துச்சு, ஆனா 1980க்கு மேல உள்ளதுல மாத்துனதுதான் அதிகம், அதையும் விசாரிச்சுக்குங்க. காசு கொஞ்சம் செலவு பண்ண மனசு இருந்தா சேசிஸ் நம்பர குடுத்து இத்தாலியில கம்பெனியோட ஹெரிட்டேஜ் பிரிவுக்கு எழுதலாம், எப்ப செஞ்ச காடி, என்ன கலர்ல வெளியாச்சுன்னு பழைய பதிவேட்ட பாத்து சான்றிதழ் குடுக்கறாங்க, ஆல்ஃபா பியாட் லான்சியா மூணுக்கும் உண்டு.

இன்ஜினுக்கு வர்றேன். விக்கிறவருகிட்ட முன்னாடியே சொல்லிடணும், நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு. போனதும் மொத வேலையா பொனட்டு மேல கைய வைங்க, சூடா இருந்தா ஏன்னு கேளுங்க. குளுந்த இன்ஜின்தான் உண்மைய பேசும். ரேடியேட்டர் மூடியத் தெறந்து தண்ணிக்கு மேல எண்ணெய் மிதக்குதா பாருங்க, ஆயில் ஊத்தற மூடிய கழட்டி உள் பக்கத்த பாருங்க, கெட்டிப் பால் ஊத்துன கோப்பி கலர்ல வழவழன்னு ஒட்டிட்டு இருந்தா தண்ணி ஆயில்ல கலக்குதுன்னு அர்த்தம். ஆல்ஃபா நாலு சிலிண்டர் இன்ஜினுக்கு இது தெரிஞ்ச வியாதிதான், பிளாக்குல இருந்து ஹெட்டுக்கு ஆயில் ஏறுற ஓட்டைக்கு சின்ன சின்ன ரப்பர் ரிங் இருக்கும், அது காலப்போக்குல காஞ்சு போனா ஆயிலு தண்ணிக்குள்ள போக ஆரம்பிக்கும். செஞ்சுடலாம், ஆனா ரொம்ப நாள் அப்படியே ஓட்டியிருந்தா அலுமினிய ஹெட்டு வளைஞ்சிருக்கும், அந்தச் செலவ விலையில கழிக்கணும்.

ஸ்டார்ட் பண்ண உடனே வர்ற பொகைய பின்னாடி நின்னு பாருங்க, நீலமா வந்தா ஆயில் எரியுது, சூடான பெறகும் வெள்ளையா நிக்காம வந்தா தண்ணி எரியுது. ஆயில் பிரஷர் மீட்டர் சும்மா அலங்காரத்துக்கு இல்ல, குளுந்தப்ப நல்லா ஏறி நிக்கும், சூடான பெறகு ஐடில்ல கொறையறது சகஜம்தான், ஆனா ஆக்சிலேட்டர மிதிச்சா முள்ளு உடனே எந்திரிக்கணும், சோம்பலா கெடந்தா பேரிங் தேஞ்சிருக்கு. அப்படியே ஓட விட்டுட்டு பேசிட்டு நில்லுங்க, நம்ம வெயில்ல நிறுத்துன எடத்துலயே ஓட விட்டு சூடு ஏறுதான்னு பாக்கணும், இந்த காடிங்க ஐரோப்பா குளிருக்கு செஞ்சது, ஈப்போ டவுன் ஜேம்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு நிக்கறதுக்கு செஞ்சது இல்ல. ரேடியேட்டர் பாதி அடைச்சிருந்தாலும் காலையில அஞ்சு நிமிசம் சுத்திக் காட்டறப்ப தெரியவே தெரியாது.

பியாட் ட்வின் கேம் வேற ஜாதி. லாம்ப்ரெடின்னு ஒரு பெரிய இன்ஜினியர், பெராரிக்கு இன்ஜின் வரைஞ்சவரு, 1955-ல பியாட்டுக்கு வந்து அவரு செஞ்சது. அதுல கேம சுத்தறது செயின் இல்ல, ரப்பர் பெல்ட்டு. ஆல்ஃபா நாலு சிலிண்டர்ல செயின். பெல்ட்டு எப்ப மாத்துனீங்கன்னு கேளுங்க, போன வருசம்தான்னு வாயால சொல்லுவாங்க, பில்லக் காட்டச் சொல்லுங்க, பில்லு இல்லன்னா மாத்தவே இல்லன்னு எடுத்துக்குங்க. ஓடாம நின்ன காடிக்கும் பெல்ட்டுக்கு வயசாகும், ரப்பர் சும்மா இருந்தாலும் காயும். பெராரி 308க்கும் இதே பேச்சுதான், அங்க செலவு மட்டும் பல மடங்கு. அதனால பெல்ட்டு மாத்தாத காடிய இன்ஜின முறுக்கி ஓட்டிப் பாக்க வேணாம், மெதுவா ஓட்டுங்க.

கியர்பாக்ஸ் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். ஆல்ஃபாவுக்கு ரெண்டாவது கியரோட சின்க்ரோ, அதான் கியர கடிக்காம சேத்து விடுற வளையம், அதுதான் மொதல்ல போகும். குளுந்த காடியில மூணுல இருந்து ரெண்டுக்கு இறக்குங்க, கர்ர்னு கடிச்சா தேஞ்சிருக்கு, சூடானா சரியாயிடும்னு சொல்லுவாங்க, ஆகாது. கீழ புரோப்பெல்லர் ஷாப்டு கியர்பாக்ஸோட சேர்ற எடத்துல கனமா ஒரு ரப்பர் கப்ளிங் இருக்கும், வெடிச்சிருந்தா கிளம்பறப்ப பாடி முழுக்க உதறும்.

இவ்வளவும் நீங்க தனியா போயி பாக்க முடியுமான்னு கேட்டா கஷ்டம்தான். அதுக்குத்தான் சொல்றேன், கூட ஒரு பழைய போமன கூட்டிட்டுப் போங்க. நம்ம தோட்டத்து ஊருங்கள்ல, சுங்கை சிப்புட்டாகட்டும், பாகான் செராயாகட்டும், கூலாயாகட்டும், கார்புரேட்டரும் பாயிண்டும் கைப்பழக்கமா இருக்கற பெருசுங்க இன்னும் இருக்காங்க. இப்ப உள்ள தம்பிங்க கெட்டிக்காரங்கதான், ஆனா அவங்க கைக்கு மொதல்ல ஸ்கேனர் வேணும், இந்த காடியில ஸ்கேனர சொருக எடமே கெடையாது. ரெண்டு வெபர் கார்புரேட்டர ஒண்ணுக்கொண்ணு சமமா வைக்கணும்னா ஒரு முழம் ரப்பர் ஹோசு போதும், ஒரு முனைய காதுல வச்சுக்கிட்டு இன்னொரு முனைய ஒவ்வொரு வாயா காட்டி காத்து இழுக்கற சத்தத்தக் கேட்டே ஸ்க்ரூவ திருப்பி சமமாக்கற ஆளுங்கள எனக்குத் தெரியும். அந்தக் காது அவங்களோட போயிடுச்சுன்னா அப்புறம் நீங்க எந்த விலைக்கும் வாங்க முடியாது. அப்படிப்பட்டவர கூட்டிட்டுப் போறப்ப ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடாதீங்க, ஒரு நாள் கூலி என்னன்னு மரியாதையா கேட்டு கையில குடுங்க. இத்தன ஆயிரம் வெள்ளி குடுத்து காடி வாங்கறவங்க அந்த ஒரு நாள் கூலிக்குக் கணக்குப் பாக்கறத பாத்தா மனசு ரொம்ப வேதனப்படுது. முடிஞ்சா உங்க வீட்டுப் பையனையும் கூட அனுப்புங்க, பெரியவரு எங்க தட்டறாரு எங்க காது குடுக்கறாருன்னு அவன் பக்கத்துல நின்னு பாக்கட்டும்.

ஆசிரியர் ஐயா, உங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள். காடி படம் போடறப்ப அதோட அடிப் பக்கத்தையும் ஒரு படம் போடுங்க, சில்லு எது, சேசிஸ் நம்பர் எங்க இருக்கும்னு அம்புக்குறி போட்டுக் காட்டுங்க. இதெல்லாம் இங்கிலீசுல நெறைய இருக்கு, தமிழ்ல படிச்சு வளந்த நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு யாரு சொல்லுவா?

விலை பேசறப்ப உதிரிச் சாமானையும் கணக்குல வைங்க. பலரும் நெனைக்கற மாதிரி இந்த காடிங்களுக்கு இன்ஜின் சாமான் கெடைக்காம இல்ல, ஆல்ஃபாவுக்கும் 124க்கும் பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கால இருந்து வரவழைக்கலாம், கப்பல் கூலியும் வரியும்தான் இடிக்கும். கெடைக்கறது கஷ்டம் எதுன்னா குரோம் பட்டை, லைட்டு கண்ணாடி, உள்ள இருக்கற மீட்டரு, கதவுக் கைப்பிடி இந்த மாதிரி சில்லறை சாமான்தான். அதெல்லாம் அப்புறம் வாங்கி மாட்டிக்கலாம்ணேன்னு விக்கிறவன் சொன்னா, நீயே வாங்கி மாட்டிட்டு கூப்புடுன்னு சொல்லிட்டு வாங்க. டயருல நல்லா பட்டன் இருக்குன்னு ஏமாறாதீங்க, பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், முன் ரெண்டு வாரம், பின் ரெண்டு வருசம், அத பாருங்க. மூணே நம்பர் இருந்தா 2000க்கு முன்னாடி செஞ்ச டயரு, அதுல ஓட்டிப் பாக்கவே ஒத்துக்காதீங்க.

எல்லாம் பாத்து திருப்தியாகி வாங்கிட்டீங்கன்னா வீட்டுக்குக் கொண்டாந்ததும் ஊர் சுத்தப் போகாம மொதல்ல பெட்ரோல் ஹோச டேங்க்குல இருந்து கார்புரேட்டர் வரைக்கும் மொத்தமா மாத்துங்க, கிளிப்போட சேத்து. காஞ்ச ரப்பர் வெடிச்சு சூடான எக்சாஸ்ட் மேல பெட்ரோல் சொட்டித்தான் இந்த காடிங்க பல எரிஞ்சு போயிருக்கு, ஹோசுக்கு ஆகற செலவு ரொம்பக் கம்மி. பிரேக் எண்ணெய முழுசா இறக்கிட்டு புதுசு ஊத்துங்க, ரொம்ப நாள் நின்ன காடின்னா நாலு கேலிப்பரையும் கழட்டி பிஸ்டன் நகருதான்னு பாருங்க. சீட்டுக்குப் பக்கத்துல கைக்கு எட்டற மாதிரி ஒரு தீயணைப்பு சிலிண்டர் மாட்டிக்குங்க, டிக்கியில போட்டு வைக்காதீங்க.

இப்படிக்கு,
பழைய போமன் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.